நாக்கால் மண் பார்த்தவர்

எழுபதுகளில், மண் பரிசோதனைக் கூடத்தில் நான் இளம்பெண்ணாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரைச் சந்தித்தேன். ஆறுமுகநேரி உப்பளங்களுக்கு அப்பால் ஐந்து குடும்பங்களைக் குடியேற்றியிருந்தார். கடையில் எதுவும் வாங்கக் கூடாது, விளைந்ததைப் பொதுவாகச் சமைத்து உண்ண வேண்டும் என்பது அவர் விதி. மார்பு வரை தாடி. ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் எதை நடுவது என்று தீர்ப்பளிப்பார்.

பயிர் கருகுகிறதென்று அங்கிருந்த பெண் ஒருத்தி எங்கள் கூடத்துக்கு எழுதியதால் போனேன். கத்திரி, வெண்டை, தண்டுக்கீரை மூன்றும் கருகிக் கிடந்தன. உரமாகப் போட்ட கடற்பாசியைக் கழுவினீர்களா என்று அவரிடம் கேட்டேன்.

"கழுவுனா சத்து போயிரும்லா," என்றார்.

"உப்பும் போகும் அண்ணாச்சி. கிணத்துத் தண்ணியும் உப்பு. உப்பு அளக்குற இந்த மீட்டரைப் பாருங்க."

"ஏளா, மீட்டரு என்னத்தக் கண்டுது? என் நாக்குக்குத் தெரியாதா?"

கடிதம் எழுதிய பெண் குறுக்கிட்டாள். "வயல வித்துட்டு வந்திருக்கோம். கொண்டாந்த நெல்லும் தீரப்போவுது. இங்கன காய்க்குமா, காய்க்காதாம்மா?"

"காய்க்காது," என்றேன்.

அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "தண்ணி கரிக்கிதுன்னு மொத நாளே எனக்குத் தெரியும். சொன்னா ஒருத்தரும் தங்கமாட்டாவ. அடுத்த மழை வரைக்கும் பொறுக்கச் சொல்லி எழுதிக் குடு."

மீட்டர் காட்டியதை எழுதி அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அந்த வாரமே எல்லாரும் போய்விட்டார்கள்.

புளுகர் என்று அவரை ஒரே சொல்லில் முடித்திருப்பேன். ஆனால் மூன்று வருடம் கழித்து அந்த வழியாகப் போனபோது, அவர் தனியாக அதே கிணற்றில் தண்ணீர் இறைத்து, ஒன்றும் முளைக்காத பாத்திக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். ஏமாற்ற ஆளே இல்லாத இடத்தில் அது யாருக்காக என்று எனக்கு விளங்கவில்லை.