விசிலுக்கு நிற்காத கயிறு

“…விளையாட்டுன்னா ஒரு ரூல் வேணாமா? கடைசியில நிக்கிறவர் கயிறை விட்டுட்டு முன்னாடி வந்து பிடிக்கிறாரு. அவரைப் பார்த்து அடுத்தவரும் விட்டுட்டு வர்றாரு. இது கயிறு இழுக்கிற போட்டியா, பஸ்ல சீட் பிடிக்கிற போட்டியா?” என்று கேட்டார் மேடம். கேட்டது சூசை சம்மாட்டியைத்தான். பக்கத்தில் என் மைக் ஆனில் இருந்ததால் கடற்கரை முழுக்கக் கேட்டது.

மேடம் என்றால் கோடை விழாவின் பொறுப்பு அலுவலர். சூசை கரைவலைக்குச் சொந்தக்காரர். அப்படிப்பட்டவரை எங்கள் பக்கம் சம்மாட்டி என்போம். நான் அக்காள்மடத்துக்காரன். கபடி, படகுப் போட்டி, கோயில் திருவிழா, காணாமல் போன குழந்தை, எதுவானாலும் மைக்கில் சொல்வது என் தொழில். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், பேசப் படித்ததெல்லாம் சனங்கள் வாயிலிருந்துதான். புதிதாக மைக் பிடிக்க வரும் தம்பிகள் ‘அண்ணே, அந்தக் கயிறு கதை’ என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

1. வராத வேன்

பாம்பன் பக்கத்துக் கடற்கரையில் மூன்று நாள் விழா. பட்டம், மணல் சிற்பம், பீச் வாலிபால். விழா முடியும்வரை அங்கே யாரும் வலை இழுக்கக் கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார். வருகிறவர்கள் காலில் கயிறு தட்டும், மீன் வாடை அடிக்கும் என்பது அவர் கவலை.

சூசையின் கவலை வேறு. மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிறது. கரைவலைக்காரர்கள் நாலு காசு பார்ப்பது இந்தச் சமயத்தில்தான். அன்றைக்குப் பார்த்து சாளை மீன் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வந்து நிற்கிறது.

“மீனு என்ன ரூம் போட்டாம்மா தங்கியிருக்கு, விழா முடிஞ்சு வந்து பாக்க? காத்து திரும்புனா அதும் திரும்பிரும்” என்றார். மேடம் அசையவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் கயிறு இழுக்கும் போட்டி. சுற்றுலாப் பயணிகள் எதிர் உள்ளூர் அணி. உள்ளூர் அணி என்று பேர்தான், வர வேண்டியது அபிராமத்திலிருந்து. வந்த வேன் பாதி வழியில் மக்கர் பண்ணிவிட்டது. மேடம் என்னைப் பார்த்தார். நான், வேலையில்லாமல் கடலைப் பார்த்துக் குந்தியிருந்த சூசையின் ஆட்களைக் காட்டினேன். கயிறு இழுப்பதில் அவர்களை விட்டால் ஆளேது என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் எல்லாம் நடந்தது.

“செயிச்சா நாளைக்கு விடிய வலை வளைக்க விடுவீகளா?” என்று சூசை கேட்டார்.

“ஜெயிங்க, பார்ப்போம்.”

“பாக்குறதுதான் ரெண்டு நாளாப் பாத்துக்கிட்டு இருக்கோமே. விடுவீகளா?”

“சரி, விடுறேன்.”

2. மடி வரணும்ல

கரைவலை பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. வலை கடலுக்குள் கிடக்கும். கயிறு கரையில் ஆட்கள் கையில் இருக்கும். வரிசையாக நின்று, பாட்டுப் பாடிக்கொண்டு பின்பக்கமாக நடந்தே இழுப்பார்கள். கடைசி ஆள் மேட்டுக்குப் போய்விட்டால் கயிற்றை விட்டுவிட்டு, தண்ணீர் ஓரம் இறங்கி வந்து, எல்லாருக்கும் முன்னால் பிடிப்பார். பிறகு அடுத்தவர். இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை, கால் தானாக வரும். நிறுத்துவது எப்போது? மீனோடு மடி கரைக்கு வந்தபிறகு. மடி என்பது வலையின் கடைசியில் இருக்கும் பை.

பயணிகள் அணியில் கடைசி ஆள் ஒரு கோயம்புத்தூர்க்காரர். நல்ல ஆகிருதி. கயிற்று நுனியை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார்.

நடுவராக நின்ற பி.டி. வாத்தியார் விசில் ஊதினார். சூசையின் ஆட்கள் பாட்டை எடுத்தார்கள். கயிற்றின் நடுவில் கட்டிய ரிப்பன் கோட்டைத் தாண்டியது. மறுபடி விசில். பாட்டு நிற்கவில்லை.

“உள்ளூர் அணி வெற்றி!” என்றேன் மைக்கில். “மன்னிக்கணும், இன்னும் இழுக்கிறார்கள்… இளநீர்க் கடையைத் தாண்டுகிறார்கள்… கடைக்காரர் கடையை நகர்த்துகிறார்…”

அதற்குள் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வர ஆரம்பித்தார்கள். முன்னால் இருந்ததோ பயணிகள் பிடித்திருந்த கயிறு. “கொஞ்சம் தள்ளிக்கங்க தம்பி” என்றார்கள். அவர்களும் மரியாதையாகத் தள்ளி இடம் விட்டார்கள்! பெங்களூரிலிருந்து வந்த பையன் ஒருவன், இதுதான் இந்த ஊர் ஆட்டம்போல என்று திரும்பி நின்று இந்தப் பக்கமாக இழுத்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் திரும்பினார்கள். “உள்ளூர் அணியில் இப்போது எத்தனை பேர் என்று எனக்கே தெரியலைங்க” என்று நான் ஒப்புக்கொண்டேன்.

கடைசியில் எதிர்ப்பக்கம் மிஞ்சியது கோயம்புத்தூர்க்காரர் மட்டும். மணலில் உட்கார்ந்த வாக்கில் அப்படியே வழுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்ததும், கரைவலையில் மீன் அள்ளும் ஸ்டெல்லா அக்கா பழக்கதோஷத்தில் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அவர் முன்னால் வைத்தது.

“ஏத்தா, இது மீனு இல்ல, ஆளு!” என்று சூசை கத்தினார்.

3. எதிர்ப்பக்கம் யாரு?

அப்போதுதான் மேடம், முதலில் சொன்னேனே, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“கடைசி ஆளு முன்னாடி வராம அப்பிடியே பின்னாடி நடந்தா, பாலத்தைத் தாண்டி மண்டபம் ஊருக்கே போய்ச் சேந்துருவான்ம்மா” என்றார் சூசை.

“விசில் ஊதினப்ப நிறுத்தணும்ல?”

“மடி வரணும்ல?”

“தகுதி நீக்கம்” என்றார் மேடம். “நாளைக்கு வலையும் கிடையாது.”

சூசை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தார். சாளை துள்ளுவது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. நான் மைக்கை அணைத்து வைத்தேன். என் தொழிலில் அது நல்லதல்ல.

கோயம்புத்தூர்க்காரர் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “ஏனுங்க மேடம், இன்னொருக்கா இழுக்கலாமுங்களா? நான் இந்தண்ணன் பக்கம் நிக்கறனுங்க.”

“நாங்களும் அண்ணன் பக்கம்தான்” என்றது பெங்களூர்க் கூட்டம்.

“எல்லாரும் ஒரே பக்கம் நின்னா, எதிர்ப்பக்கம் யாரு?” என்றார் மேடம்.

சூசை கையை நீட்டினார். “அந்தா கெடக்குல்ல.”

நான் யாரிடமும் கேட்கவில்லை. மைக்கை எடுத்தேன். “நாளை காலை சிறப்புப் போட்டி! சுற்றுலாப் பயணிகள் எதிர் கடல்!” கைத்தட்டல் அடங்கவே இல்லை. மேடம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “விளையாட்டுன்னா சரி. வலை இழுக்கிற வேலையா இருந்தா கூடாது” என்றார்.

“சத்தியமா விளையாட்டுத்தாம்மா” என்றார் சூசை, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

தம்பிகளே, நான் கற்றது இவ்வளவுதான். விதிமுறையை மைக்கில் வாசிக்கும் முன், ஆடப்போகிறவர்கள் மற்ற நாளில் அந்தக் கயிற்றை எதற்குப் பிடிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்காமல் போனால் நானாவது பரவாயில்லை, இளநீர்க் கடைக்காரர் பாவம்.

விடிந்ததும் சூசையின் வள்ளம் கடலுக்குள் போய் வலையை வளைத்துவிட்டு வந்தது. கயிறு நிறையப் பயணிகள். மேடம் மேற்பார்வைக்கு வந்தார். “சும்மா நிக்காதீக மேடம், ஒரு கை புடிங்க” என்று ஸ்டெல்லா அக்கா கடைசி இடத்தைக் காட்டியது. மேடம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பிடித்தார். பாட்டு எழுந்தது. வரிசை பின்னால் நகர்ந்தது. நகர நகர மேடம் மேட்டுக்குப் போய், விழாப் பந்தலில் முதுகு இடித்து நின்றார். அதற்குமேல் போக இடமில்லை. பி.டி. வாத்தியார் விசிலோடு பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மைக்கை வாயருகே வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடம் கயிற்றை விட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வரிசை நெடுக ஓடி இறங்கி, தண்ணீரோரம் நின்றிருந்த கோயம்புத்தூர்க்காரரிடம் “கொஞ்சம் தள்ளிக்கங்க” என்று சொல்லி, அவருக்கு முன்னால் பிடித்தார்.