வளைவுக்கு வளைவு ஏறிய முள்

இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மூன்று மாதமாக என்னைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது. பத்துப் பேர் உட்காரும் பழைய டீசல் கார். காவலூருக்கு மேலே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து ஆலங்காயத்துக்கு ஆளேற்றிப் போவதுதான் என் பிழைப்பு. மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் முள் சிவப்பைத் தொடும். வளைவு தாண்டினால் இறங்கிவிடும்.

மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் செய்வதையெல்லாம் நானும் செய்தேன். ஆட்களை இறக்கி நடக்கவிட்டேன். ரேடியேட்டர் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். யாரோ சொன்னார்கள் என்று தெர்மோஸ்டாட் வால்வைக்கூடக் கழற்றிப் போட்டேன். ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கும் முன்பே, "ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. இஞ்சினை இறக்கணும். இல்லன்னா வித்துடு" என்றார். இறக்கிச் செய்ய என்னிடம் வசதியில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாக வாணியம்பாடிக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு என்ன வேலை செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, கைமாறும் வண்டியில் பின் விளக்காவது எரியட்டும் என்று ஆலங்காயத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைக்குப் போனேன். புருஷன் டிங்கர் வேலை, பெண்சாதி ஒயரிங் வேலை. அந்த அம்மாவுக்கு என் வயது இருக்கும். ஐந்து நிமிடத்தில் விளக்கை எரியவைத்துவிட்டு, "வேற இன்னாண்ணா?" என்று கேட்டார்.

எனக்குப் புதியவர்களிடம் பேச வராது. தரையைப் பார்த்துக்கொண்டு முள்ளைப் பற்றியும் மெக்கானிக் சொன்னதையும் சொன்னேன்.

"ரேடியேட்டர்ல தண்ணி கொறையுதா?"

"இல்லீங்க."

"கேஸ்கெட் போனா கொறையுமே. மெக்கானிக்கிட்ட சொன்னீங்களா?"

"அவரு கேக்கலீங்க."

வேறொரு காரின் கதவில் ஒடுக்கெடுத்துக்கொண்டிருந்த புருஷன் சிரித்தார். "இவ கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லினு இருந்தீங்கன்னா பொழுது சாஞ்சிடும்ணா."

"நீ தகரத்தைத் தட்டு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா வண்டியில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். கையில் ஒரு ஸ்பேனர்கூட இல்லை. "நாலு வளைவு ஏத்துங்க, பாக்கலாம்."

ஏற்றினேன். முள் வழக்கம்போல் ஏறி ஏறி இறங்கியது. அவர் வண்டியைத் திருப்பச் சொன்னார். இறங்கும்போதும் முதல் வளைவில் முள் எகிறியது.

"இறக்கத்துல இஞ்சின் எதுக்குச் சூடாவணும்?" என்றார்.

மூன்று மாதமாக நானும்தான் இறங்கியிருக்கிறேன். இறங்கும்போது பிரேக்கில்தான் என் கவனமெல்லாம்; முள்ளைப் பார்த்ததே இல்லை.

"அடுத்த வளைவுல ஆரன் அடிக்காம திரும்புங்க."

எங்கள் பாதையில் ஆரன் அடிக்காமல் வளைவில் திரும்புவது கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவது மாதிரி. அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்து, "யாரும் வரல. மெதுவா போங்க" என்றார். திரும்பினேன். முள் அசையவில்லை. நேர் ரோட்டில் ஓரமாக நிறுத்தச் சொல்லி, "இப்ப அடிங்க" என்றார். அழுத்தினேன். நின்ற இடத்திலேயே முள் சிவப்புக்குப் பாய்ந்தது. கையை எடுத்தேன், இறங்கியது.

"உங்க இஞ்சின் நல்லாத்தாங்க இருக்குது. எர்த்து சரியில்ல. கடைசியா எப்ப எஃப்.சி. காட்டினீங்க?"

"மூணு மாசம் ஆச்சுங்க."

"பெயிண்ட் அடிச்சீங்களா?"

பெயிண்ட் அடிக்காமல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. சான்றிதழ் வாங்க முடியுமா? கடைக்கு வந்ததும் பானெட்டைத் தூக்கினார். இஞ்சினையும் பாடியையும் சேர்க்கிற எர்த்துப் பட்டையைக் கழற்றிக் காட்டினார். போல்ட்டு உட்காரும் இடமெல்லாம் பளபளவென்று பெயிண்ட். கரண்டு திரும்பிப் போக வழியில்லாமல் ஆரன் அடிக்கும்போதெல்லாம் முள்ளைத் தள்ளியிருக்கிறது. உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்து, பட்டையைத் திரும்ப முடுக்கினார். கழற்றிய வால்வை மறக்காமல் போடச் சொன்னார்.

நானே அடித்துப் பார்த்தேன். முள் பாதியில் நின்றது நின்றதுதான். இரண்டு மூன்று முறை அடித்தேன். "தெருவே எழுந்து வந்துடும், விடுங்கண்ணா" என்றார் புருஷன்.

எத்தனையோ பேர் என் வண்டியைப் பார்த்திருக்கிறார்கள். அந்த அம்மா என்னையும் கேட்டார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். தனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரியாததைக் கேட்டுக் கேட்டே கோளாறு இருந்த இடத்தைப் பிடித்துவிட்டார். அந்த மெக்கானிக்கைப் பற்றியும் குறையாக ஒன்றும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் பன்னிரண்டு பேரையும் நாலு மூட்டைச் சாமையையும் ஏற்றிக்கொண்டு, எல்லா வளைவிலும் தாராளமாக ஆரன் அடித்து மலை ஏறினேன். ஊரில் ஆட்களை இறக்கிவிட்டு, சீட்டில் உட்கார்ந்தபடியே வாணியம்பாடிக்காரருக்குப் போன் போட்டேன். நாலு நாளாகப் பேசி முடித்த ஆளிடம் இல்லை என்று சொல்வது எனக்குச் சுலபமில்லை.

"வண்டியைக் குடுக்கலீங்க" என்றேன்.

"இன்னாய்யா, வேற ஆள் வந்துட்டானா?"

"இல்லீங்க. நான்தான் ஓட்டப் போறேன்."