இடக்கையால் ஆசீர்வதித்த குழந்தை

ரங்கூனில் ஒரு கல்லச்சுக்கூடத்தில் சாமி படம் வரைகிற வேலை எனக்கு. முருகன், புத்தர், மாதா, யார் வந்தாலும் என் கையில் ஒரே மூக்குதான். ஆனாலும் பர்மாக்காரர்கள் வாத்தியாருக்குக் கொடுக்கிற மரியாதையோடு என்னை ‘சயா’ என்று கூப்பிடுவார்கள். கேட்டால் எனக்குத் தலை கால் புரியாது.

ஒருநாள் துறைமுகத்தில் வேலை பார்க்கும் கிறிஸ்தவத் தமிழர் ஒருவர், கரையான் அரித்த படம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஐரோப்பாவில் எந்தக் காலத்திலோ செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டது. மாதாவின் முகம் பாதி போய்விட்டது. மடியில் குழந்தை இயேசு மட்டும் கை தூக்கி ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா படுத்த படுக்கையாக் கெடக்குது சயா. படம் இப்படி ஆனதிலேருந்து ஜெபத்தையே விட்டுருச்சு. இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க."

கல்லில் இடம் வலம் மாற்றி வரைந்தால்தான் தாளில் சரியாக விழும். கீழே இருந்த எழுத்துகளைக் கவனமாகத் திருப்பிப் போட்ட நான், படத்தை அப்படியே வரைந்து தொலைத்தேன். முதல் தாளை உரித்ததும்தான் படம் இடம் வலம் மாறி விழுந்திருப்பது தெரிந்தது. பழைய படத்தோடு வைத்துப் பார்த்தபோதுதான் உயிர் வந்தது. அதில் குழந்தை தூக்கியிருந்தது இடக்கை. செதுக்கியவனும் என்னைப் போலவே எதையோ பார்த்து அப்படியே செதுக்கிக் கோட்டை விட்டிருக்கிறான். என் படத்தில் முறையாக வலக்கை. வெள்ளைக்காரன் பிழையைத் திருத்திவிட்டதாக மார்பை நிமிர்த்திக்கொண்டேன்.

பாராட்டை நேரில் வாங்க வேண்டாமா? நானே படத்தோடு அவர் வீட்டுக்குப் போய், கட்டிலில் சாய்ந்திருந்த அம்மாளிடம் என் சாமர்த்தியத்தை விளக்கினேன். மகன் தலையாட்டினார். அம்மாள் ஆட்டவில்லை. போர்வைக்குள்ளிருந்து வலக்கையை வெளியே எடுத்தார். அது மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

"அரிசி மில்லுல போச்சு தம்பி. எடது கையால சிலுவை போடக் கூடாதுன்னு கோயில்ல எல்லாரும் திட்டுனாங்க. இந்தப் பிள்ளைதான் எடது கையத் தூக்கிக்கிட்டு எம்பக்கம் நின்னுச்சு. அதையும் மாத்திட்டீங்களே."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகையும் வந்தது.

மறுநாள் கல்லைத் தேய்த்து அழித்துவிட்டு, பழைய படத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வரைந்தேன். புதுப் படத்தை மடியில் வைத்துக்கொண்ட அம்மாள், இடக்கையால் நெற்றியைத் தொட்டார், மார்பைத் தொட்டார், இரண்டு தோள்களையும் தொட்டார். அன்று அந்த வீட்டில் யாரும் என்னை சயா என்று கூப்பிடவில்லை. எனக்கும் அது நினைவுக்கு வரவில்லை.