வடதுருவத்து நோன்பும் சிட்னிப் பாதையும்

நாங்கள் வசிக்கும் கிரெய்கிபர்னிலிருந்து சிட்னிக்குக் காரில் போக எத்தனை மணிநேரம், எங்கே நிறுத்தலாம், வழியில் தொழ இடமுண்டா என்று பள்ளிவாசலில் பலர் கேட்டுவிட்டார்கள். ஆளாளுக்குச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இந்த வருடம், 2009 மே மாதம், நானும் என் மகள் ஹஸ்னாவும் போய்வந்தோம். அவள் ஓட்டினாள். நான் பக்கத்து இருக்கையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு போனேன்.

போன காரணத்தைச் சொல்லவேண்டும். ஹஸ்னா கிளேட்டனிலுள்ள பல்கலைக்கழகத்தில் கல்வித்துறையில் மேற்படிப்பு முடித்தவள். நோர்வேயின் வடகோடியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், துருவப் பகுதி மக்களின் வாழ்க்கை, பள்ளிக்கூடம், சமூகம் பற்றிய ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். இரண்டு வருட வேலை. அங்கிருந்து மாரித் என்ற ஆய்வாளர் ஒரு மாநாட்டுக்காகச் சிட்னி வந்திருந்தார். நேரில் வந்தால் பேசலாம் என்று எழுதியிருந்தார். விமானத்தில் ஒன்றரை மணிநேரப் பயணம்தான். ஆனால் விமானம் ஏறினால் எனக்குக் காது அடைத்துக்கொள்ளும். "நானும் வாறன்" என்று நான் சொன்னதால் கார் என்று ஆயிற்று.

நான் ஏன் போகவேண்டும்? கிழக்கிலங்கையில் முப்பது வருடத்துக்கு மேல் புவியியல் படிப்பித்தவன் நான். உலக உருண்டைக்குப் பதிலாக ஒரு தோடம்பழத்தில் ஈர்க்குக் குத்தி, டோர்ச் வெளிச்சத்தில் சாய்த்துச் சுற்றி, "பாருங்க பிள்ளைகள், கோடையில் இந்த முனையில் சூரியன் மறையாது, மாரியில் உதிக்காது" என்று எத்தனையோ வகுப்புகளுக்குக் காட்டியிருக்கிறேன். அப்போது அது பரீட்சைக்கு வரும் ஒரு கேள்வி, அவ்வளவுதான். இப்போது அது என் பிள்ளை போய் இருக்கப்போகிற ஊர். சூரியன் மறையாத ஊரில் நோன்பை எப்போது திறப்பது? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

சுபஹு தொழுதுவிட்டு ஆறேகாலுக்குப் புறப்பட்டோம். என் மனைவி நஸீமா ரொட்டியும் இறைச்சிக்கறியும் கட்டித் தந்திருந்தாள். ஹியூம் நெடுஞ்சாலை எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே தொடங்குவதால் நகர நெரிசல் இல்லை. ஒன்பதரைக்கு ஆல்பரி. ஏறக்குறைய முந்நூறு கிலோமீற்றர். அங்கே தேத்தண்ணி குடித்துப் பெற்றோல் அடித்தோம். எங்கள் பழைய கொரோலாவுக்குப் போகும் வழிக்கு மட்டும் எழுபது டொலருக்குக் கிட்டச் செலவானது.

அடுத்து ஹோல்புரூக் என்ற சிற்றூர். நெடுஞ்சாலை ஊருக்குள்ளாலேயே போகிறது. வீதியோரப் பூங்காவில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலைப் புல்லில் தரைதட்டி நிற்பதுபோல நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள்.

"கடல் எங்க, இது எங்க!" என்றேன்.

"இப்பிடிக் கேட்டுக்கொண்டு ஆக்கள் காரை நிப்பாட்டத்தான் வச்சிருக்காங்க வாப்பா. நீங்களும் நிப்பாட்டிட்டீங்கதானே?"

ளுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது. அதுவரை கப்பலைச் சுற்றிப் பார்த்தோம், சாப்பிட்டோம். பிறகு அதன் நிழலிலேயே பாயை விரித்துத் தொழுதோம். நாயோடு வந்த ஒரு முதியவர் நாங்கள் முடிக்கும்வரை தள்ளியே நின்றார். பிறகு கிட்ட வந்து, எந்தத் திசையைப் பார்த்துத் தொழுகிறீர்கள் என்று கேட்டார். மேற்கு, கொஞ்சம் வடக்கே சாய்ந்து என்றேன். அவர் அந்தப் பக்கம் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அங்கே பெர்த் அல்லவா இருக்கிறது" என்றார். அதையும் தாண்டி என்றேன். தலையாட்டிவிட்டு நாயோடு போனார்.

பாயைச் சுருட்டும்போதுதான் ஹஸ்னா நிபந்தனை போட்டாள்.

"வாப்பா, நாளைக்கு நீங்க ஒண்டும் கேக்கக் கூடாது."

"நான் என்னத்தக் கேக்கப் போறன்?"

"சூரியன், நோன்பு. ஒரு கிழமையா உம்மாட்டச் சொல்லிச் சொல்லிப் புலம்புறீங்க. ப்ளீஸ் வாப்பா. இந்தப் பிள்ளையை எடுத்தாக் கரைச்சல் எண்டு அவங்க நினைச்சிருவாங்க. எனக்கு இந்த வேலை வேணும்."

"கேக்க மாட்டன்."

"வாக்கு?"

"வாக்கு" என்றேன்.

குண்டகாயில் ஒருமுறை, கோல்பர்னில் ஒருமுறை நிறுத்தி, மாலை ஐந்தரைக்குச் சிட்னியின் ஓபர்னில் என் மச்சான் வீட்டு வாசலில் இறங்கினோம். மொத்தம் 850 கிலோமீற்றர் அளவில் வந்தது.

மறுநாள் காலை ரயிலில் ரெட்ஃபர்னுக்குப் போனோம். அங்கிருந்து நடை. பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையில் மாரித் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், குட்டையான முடி, மெதுவான ஆங்கிலம். தள்ளி வேறு மேசையில் இருக்கப்போன என்னையும் கூப்பிட்டுக் கதிரை இழுத்துப் போட்டார்.

அவர் சொன்னவற்றை ஆசிரிய நண்பர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். பனிமான் மேய்க்கும் குடும்பங்களின் பிள்ளைகளை முந்தைய தலைமுறையில் சிறுவயதிலேயே விடுதிப் பள்ளிகளில் சேர்த்தார்களாம். வீட்டு மொழியை அங்கே பேசவிடவில்லை. திரும்பிவந்த பிள்ளைகள் பலருக்குத் தாயோடு பேசச் சொல் இல்லாமல் போனது. இன்று பாடசாலையில் அதே மொழியில் படிப்பிக்கிறார்கள். வசந்தத்தில் மான்கள் குட்டி போடும் காலத்தில், பிள்ளைகள் பெற்றோரோடு மலைக்குப் போக இடம் கொடுக்கும் பள்ளிகளும் உண்டு. மலையில் கற்பதும் படிப்புத்தானா, அதை யார் முடிவு செய்வது என்பதுதான் ஹஸ்னா ஆராயவேண்டிய விஷயம். எனக்கு எங்கள் ஊரின் வேளாண்மை வெட்டுக் காலம் நினைவுக்கு வந்தது. அந்த நாட்களில் பிள்ளைகள் வயலுக்குப் போய்விட, என் வகுப்பில் பாதி வாங்கு வெறுமையாகத்தான் கிடக்கும்.

ஹஸ்னா நன்றாகவே பேசினாள். பிறகு மாரித், "இருட்டு மாதங்களில் தனியாக எப்படி இருப்பாய்?" என்று கேட்டார். ஹஸ்னா வாய் திறந்தாள், மூடினாள், யோசித்தாள். மாரித் அவசரப்படவே இல்லை. கோப்பையைப் பிடித்தபடி இருந்தார்.

ஆசிரியர்களுக்குத் தெரியும். கேள்வி கேட்டுவிட்டுப் பிள்ளை தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடப் பதிலை நாமே சொல்லிவிடுவது சுலபம். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"இருட்டைவிட வெளிச்சம்தான் கஷ்டம், மேடம்," என்றேன். "சூரியன் மறையாவிட்டால் இவள் நோன்பை எப்படித் திறப்பாள்?"

மேசைக்கடியில் ஹஸ்னாவின் சப்பாத்து என் கால்மேல் ஏறி நின்றது.

மாரித் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு, "எனக்குத் தெரியாது," என்றார். "எங்கள் ஊரில் சில முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. என்ன செய்கிறார்கள் என்று இத்தனை வருடமாக நான் கேட்டதேயில்லை." ஹஸ்னாவின் பக்கம் திரும்பினார். "நீ என்ன செய்வாய்?"

"அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்பேன்" என்றாள் ஹஸ்னா.

மாரித் தலையசைத்தார். ஒரு கிழமையில் முடிவு தெரியும் என்று சொல்லிக் கைகொடுத்தார்.

அடுத்த நாள் திரும்பும் வழியில் கோல்பர்ன் வரை மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏறக்குறைய இரண்டு மணிநேரம். அங்கே, மாடி உயரச் செம்மறியாட்டுச் சிலைக்கு எதிரே நிறுத்தி, மச்சானின் மனைவி தந்த சாப்பாட்டை எடுத்தோம்.

"வாப்பா, இந்த வருஷம் நோன்பு எப்ப தொடங்குது?"

"ஓகஸ்ட் கடைசியில."

"பெருநாள்?"

"செப்டம்பர் இருபது, இருபத்தொண்டு."

"செப்டம்பர் இருபத்திமூண்டில சூரியன் எங்க நிக்கும்?"

"மத்தியகோட்டுக்கு நேரே" என்றேன், வகுப்பில் எழுந்து நின்ற பிள்ளைபோல.

"அப்ப பகலும் இரவும்?"

"உலகம் முழுக்கச் சமன்." சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. மறையாத சூரியன் ஜூலையோடு போய்விடும். நோன்பு மாதம் முழுவதும் அங்கே சூரியன் ஒழுங்காக உதித்து ஒழுங்காக மறையும்.

"அடுத்த வருஷமும் ஓகஸ்டிலதான். எனக்குத் தோடம்பழத்தில காட்டித் தந்ததே நீங்கதான். உங்களுக்கு இது தெரியாமலா? அப்ப உங்கட பயம் நோன்பு இல்ல."

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவளும் மாரித்தைப் போலவே காத்திருந்தாள்.

"நீ போனா நான் ஆரோட சண்டை பிடிக்கிற, மகள்? உம்மா பதிலே சொல்ல மாட்டாவே."

அவள் சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "என்னோடதான். போன் எதுக்கு இருக்கு? என்னை எடுத்தாங்க எண்டாப் போகட்டா?"

"போயிட்டு வா" என்றேன். அதற்குப் பிறகு ஆல்பரிவரை இருவரும் ஓயாமல் சண்டை பிடித்தோம், ரேடியோவில் எதைக் கேட்பது என்று.

இனிப் போகிறவர்களுக்கு. ஓட்டம் மட்டும் ஒன்பது மணிநேரம், நிறுத்தங்களோடு பதினொன்று. இரண்டு மணிக்கொருதரம் இறங்கி நடவுங்கள். கங்காருகள் பாதைக்கு வரும் நேரம் என்பதால், பொழுது சாயும்போது வேகத்தைக் குறையுங்கள். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி வுளூச் செய்யப் பெரிய போத்தலில் தண்ணீர் கொண்டுபோங்கள், பூங்காக் குழாய்கள் சில இடங்களில் மூடியிருக்கும். ஹலால் சாப்பாடு வழியில் கிடைக்கும் என்று நம்பவேண்டாம், கட்டிக்கொண்டு போவதே நல்லது. பிள்ளையை நேர்முகத்துக்குக் கூட்டிப்போகும் பெற்றோர் ரயில் நிலையத்தோடு நின்றுகொள்ளுங்கள்.

ஹஸ்னாவை எடுத்தார்கள். ஓகஸ்ட் நடுவில் போனாள். அந்த முஸ்லிம் குடும்பங்களிடமும் போய்க் கேட்டாளாம். "மூண்டு வீடு, மூண்டு பதில் வாப்பா. ஆனா மூண்டு வீட்டிலயும் சோறு தந்தாங்க."

முதல் நோன்பன்று எதிர்பாராத ஒன்று நடந்தது. அங்கே எங்களைவிட எட்டு மணிநேரம் பிந்தி. மறுநாள் நோன்புக்காக நாங்கள் காலை ஐந்துமணிக்குச் சஹர் சாப்பாட்டுக்கு இருந்தபோது, அங்கே முதல்நாள் இரவு ஒன்பது, சூரியன் அப்போதுதான் மறைந்திருந்தது. நாங்கள் நோன்பு பிடிக்கச் சாப்பிட, அவள் நோன்பு திறக்கச் சாப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தோம்.

வடக்கே அந்தக் காலத்தில் பகல் வேகமாகச் சுருங்கும். நாளுக்கு நாள் அங்கே சூரியன் முந்தி முந்தி மறைந்தது. மாதக் கடைசியில் எங்கள் சஹருக்கு ஒன்றரை மணிநேரம் முன்பே அவளுக்கு நோன்பு திறக்கும் நேரம் வந்துவிட்டது. அப்போதும் எங்கள் சஹர் நேரத்துக்குத்தான் போன் எடுப்பாள்.

"நீ அப்பவே சாப்பிட்டு முடிச்சிருப்பாய், பிறகென்ன?" என்று நஸீமா கேட்டாள்.

"பேரீச்சம்பழத்தில திறந்திட்டன் உம்மா," என்றாள் ஹஸ்னா. "சோத்தைத் தொடல்ல. நீங்க எழும்புற வரைக்கும் மூடி வச்சிருந்தன்."