அப்பாவின் கத்தரி

"ஏனுங்க, பொங்கல் வருது. அந்த பாட்டில் பிரஷ் செடியக் கொஞ்சம் வெட்டி உடுங்க" என்றாள் மனைவி. கத்தரியோடு போய் ஒரு இலையைக் கசக்கினேன். எலுமிச்சை வாசம். அப்பா நினைவு வந்து சிரித்துவிட்டேன்.

சோமனூர் வீட்டில் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போதெல்லாம் அப்பா அங்கிருந்த இதே வகைச் செடியையும் பந்துபோல் வெட்டிவிடுவார். பிறகு பூக்கவில்லையே என்று சாணி கரைத்து ஊற்றுவார். ஒரு வருஷம் கை சுளுக்கியதால் வெட்டவில்லை. மாசியில் செடி முழுக்க, பாட்டில் கழுவும் பிரஷ் போலவே சிவப்புப் பூ. தேன்சிட்டுகள் ஓயாமல் வந்தன.

"நுனியிலதானுங்க பூக்குது! இத்தன வருசமா பூ மொட்டத்தான் வெட்டிப்போட்டிருக்கீங்க!" அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா உள்ளே போய்க் கத்தரியை எடுத்துவந்து அவளிடம் நீட்டினார்: "இது இனி உங்கிட்டயே இருக்கட்டும், அம்மணி."

நானும் செடியை வெட்டாமலே திரும்பி வந்து கத்தரியை மனைவியிடம் நீட்டினேன்.