ஈரப் புதினா

மட்டாஞ்சேரியில் எங்கள் காய்கறிக் கடை வாசலில் ஒரு நீல டிரம் நிற்கிறது. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அதை யாரும் கவிழ்த்துக் கழுவுவதில்லை; குறையக் குறைய மேலே ஊற்றுவோம். நோட்டு வாங்கிய கையாலேயே பிளாஸ்டிக் மக்கை முக்கி, புதினாவுக்கும் மல்லித்தழைக்கும் தெளித்து, ஈரச் சாக்கால் மூடிவைப்போம். கடை அண்ணனுடையது. நான், தலை நரைத்த பிறகும், அவரிடம் வேலைக்கு நிற்கிறவன்.

என் மனைவிக்குச் சிறுநீரகம் மாற்றி வைத்ததிலிருந்து அந்த டிரம்மைப் பார்த்தாலே எனக்குப் பயம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் மாத்திரைதான் அவளுக்கு இப்போது சோறு மாதிரி. ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் இலையில் கிருமி பெருகும், கழுவினாலும் முழுக்கப் போகாது, வேகவைக்காத எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காய்கறிக் கடைக்காரன் வீட்டில் பச்சையாக ஓர் இலை கிடையாது. சொன்னால் சிரிப்பார்கள்.

அண்ணனிடம் நல்ல தண்ணீருக்குக் கேன் வாங்கலாம் என்றேன்.

"கேன் தண்ணியில குளிப்பாட்ட புதினாவுக்கு என்ன, கல்யாணமா?"

ஒருநாள் அவர் இல்லாதபோது தெளிக்காமலே விற்றுப் பார்த்தேன். வந்த பெண்கள் விரலால் தொட்டு, "நேத்து வந்ததாணோ, இக்கா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் சொட்டச் சொட்டக் கிடந்த கட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கேயும் இதே மாதிரி டிரம்தான். எனக்கு அவர்கள்மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. மறுநாள் காலை நானே மக்கை எடுத்தேன். வேறு எங்கே போவது?

நோன்பு மாதம் வந்தது. அந்த மாதத்தில் எங்கள் தெருவில் புதினாச் சட்னி அரைக்காத வீடு கிடையாது. ஒரு மாலை, நோன்பு திறக்கிற நேரத்தில், நாங்கள் இத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அக்கா தட்டோடு வந்தார். சூடான சமோசா, பக்கத்தில் ஒரு கிண்ணம் பச்சைச் சட்னி.

"இவளுக்கு வெளிச் சாமான் ஆகாதுன்னு அறியும். அதான் உங்க கடையிலேயே புதினா வாங்கி அரைச்சேன். பயமில்லாம, பேடிக்காம சாப்பிடட்டும்."

மனைவி என்னைப் பார்த்தாள். டிரம் கதை அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்றால் கடையின் பெயர் கெடும், அண்ணன் முகத்தில் நான் விழிக்க முடியாது, அதுவும் தெரியும். என் மானத்தைக் காப்பாற்ற அவள் சமோசாவைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன்.

"வேண்டாம், இத்தா. எங்க கடைச் சாமான். அதனாலதான் வேண்டாம்."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு என்னை. சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய பிள்ளைகள் சாப்பிடும் சத்தம் கேட்டது.

"அப்போ இத்தனை நாள் என் பிள்ளைங்களுக்கு?" என்றார். பதிலுக்கு நிற்கவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் வீட்டுக்கு ஓடினார்.