பரணிலிருந்து இறங்கிய வீடியோ கேம்

அப்பா வாங்கித் தந்த முதல் வீடியோ கேம் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, இன்று பாலிகஞ்ச் ஸ்டேஷன் அருகே இருக்கும் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன்.

அப்பாவுக்குக் கொல்கத்தாவுக்கு மாற்றலான வருடம் வாங்கியது. அப்போது எனக்கு வங்காளத்தில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது, விளையாட ஆளும் கிடையாது. பெட்டி வந்த வாரமே எங்கள் வாசல் முழுக்கச் சின்னச் சின்னச் செருப்புகள். அந்தப் பிள்ளைகளோடு சண்டை போட்டே பாஷையைக் கற்றுக்கொண்டேன்.

கடைக்காரர் அறுந்த ஒயரைப் பற்றவைத்து, பழைய டிவியில் இணைத்தார். படம் வந்துவிட்டது!

மிக்ஸிக்காகக் காத்திருந்த ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், யாரையும் கேட்காமல் இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்தார்.

"எங்க வீட்லயும் இருந்துது. அண்ணன் என்னைத் தொடவே விடமாட்டான்" என்றார் வங்காளத்தில்.

ஆடினோம்.

"தீதி, உங்க மிக்ஸி ரெடி" என்றார் கடைக்காரர்.

"இருங்க, இருங்க! இன்னும் ஒரே ஒரு ஆட்டம்."

மூன்று ஆட்டத்திலும் என்னைத் தோற்கடித்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போனார்.

பெட்டி இப்போது எங்கள் ஹாலில் இருக்கிறது. இரண்டாவது ஆளாக யார் வருகிறீர்கள்? என்னைவிட மோசமாக ஆடுபவர்களுக்கு முன்னுரிமை.